36 படம் போதுமா?

டிஜிட்டல் கேமராவில் பழகின நிறைய பேர் இப்போ ஃபிலிம் பக்கம் எட்டிப் பார்க்கறாங்க. வீட்டுப் பரண்ல கிடந்த பழைய கேமராவைத் துடைச்சு, ஒரு ரோல் வாங்கிப் போடறாங்க. உடனே ஒரு திகைப்பு: மொத்தமே 36 படம்தானா? நமக்கு அது ஒரு டீக்கடை வாசல்லயே தீர்ந்துடுமே! இந்த ரோல் எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்துல, லைட்ஸ் கம்பெனியில வேலை பார்த்தவர் ஆஸ்கர் பர்னாக். அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போடற கனமான கேமராவைத் தூக்கிட்டு அலையறது கஷ்டம். அதனால, சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைக் கையில் எடுத்தார். சினிமா கேமராவில் அது மேலிருந்து கீழே ஓடும். ஒரு ஃப்ரேம் 18-க்கு 24 மி.மீ. பர்னாக் அதைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, ஃப்ரேமை இரட்டிப்பாக்கினார்: 24-க்கு 36. 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா அறிமுகமானது. 1934-ல் கோடாக், பகல் வெளிச்சத்துலயே மாட்டக்கூடிய 35 மி.மீ. ரோலைக் கொண்டுவந்தது. இன்னைக்கு நீங்க வாங்கறதும் அதே வகைதான்.

உங்க டிஜிட்டல் கேமராவில் 'ஃபுல் ஃப்ரேம்'னு சொல்றோமே, அந்த சென்சாரின் அளவும் அதே 24-க்கு 36தான். ஐஎஸ்ஓ எண்ணும் ஃபிலிமின் வேகத்தைக் குறிக்க வந்ததுதான். ஆக, நீங்க புது ஊருக்குப் போகல. பழைய வீட்டுக்குத்தான் போறீங்க.

இன்னொரு சுவாரசியம். 1975 டிசம்பரில், அமெரிக்காவின் ராச்செஸ்டரில், கோடாக்கிலேயே வேலை பார்த்த ஸ்டீவ் சாஸன் ஒரு டிஜிட்டல் கேமராவைச் செஞ்சு முடிச்சார். எடை சுமார் 3.6 கிலோ. 0.01 மெகாபிக்ஸல், கருப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆகும். ஒரு கேசட்டில் எத்தனை படம்னு அவர் முடிவு பண்ணினார் தெரியுமா? 30! ஃபிலிம் ரோலில் 24 அல்லது 36 படம் இருக்கும். மக்களுக்குப் பழகின கணக்கு அது. அதனால நடுவுல ஒரு எண். ஃபிலிமே இல்லாத கேமராவும் ஃபிலிமின் கணக்குலதான் பிறந்துச்சு.

பிறகு அந்தக் கணக்கு உடைஞ்சது. மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் படம். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போச்சு. ஆனா ஃபிலிம் தயாரிப்பு நிக்கல.

இப்போ ரோல் மாட்டப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, ஐஎஸ்ஓவை ஒவ்வொரு படத்துக்கும் மாத்த முடியாது. 400 ரோல் போட்டா, முழு ரோலுக்கும் 400தான். எங்க எடுக்கப் போறோம், வெயிலா நிழலான்னு முன்னாடியே யோசிக்கணும். ரெண்டாவது, டிஜிட்டல்ல வெளிச்சம் வெளுத்துப் போயிடுமோன்னு பயந்து கொஞ்சம் இருட்டா எடுப்போம். கலர் நெகட்டிவ்ல இது தலைகீழ். கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தை அது தாங்கிக்கும். குறைஞ்சாதான் நிழல் பகுதியில் ஒண்ணுமே பதியாது. பிறகு மீட்கவும் வழியில்லை. அதனால நிழலைப் பார்த்து வெளிச்சத்தை அளந்துக்கோங்க.

இதையெல்லாம் தாண்டி பெரிய மாற்றம் ஒண்ணு இருக்கு. டிஜிட்டல்ல 600 படம் எடுத்துட்டு, நல்லதை வீட்டுல தேர்ந்தெடுக்கலாம்னு நினைக்கறோம். பல சமயம் தேர்ந்தெடுக்கறதே இல்லை. எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல தூங்குது. ஃபிலிம்ல அந்தத் தேர்வு பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே நடந்தாகணும். பாட்டி சிரிக்கறதை எடுக்கணும்னா, அவங்க எப்போ சிரிப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். அதுவரைக்கும் அவங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும்.

ரோல் விலை, லேப் செலவு ரெண்டும் யோசிக்க வைக்குதா? முதல்ல உங்க டிஜிட்டல் கேமராவோட திரையை அணைச்சிட்டு, ஒரு நாள் முழுக்க 36 படம் மட்டும் எடுத்துப் பாருங்க. அழிக்கக் கூடாது. ராத்திரி உட்கார்ந்து 36-ஐயும் பாருங்க. ரோல் வாங்கலாமா வேண்டாமான்னு அப்போ உங்களுக்கே தெரிஞ்சிடும்.