அழுத்தக் குறைவு: பெட்ரோலில் ஒரு வழி, டீசலில் வேறு வழி

மேடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார் வைத்திருப்பவரும் காமன் ரெயில் டீசல் கார் வைத்திருப்பவரும் இதே புகாரோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். இருவருக்கும் பல நேரம் ஒரே பதில் கிடைக்கிறது: பம்ப் போயிருக்கும், மாற்றிவிடலாம். சோதிக்காமல் சொல்லும் இந்தப் பதிலால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல. பெட்ரோல் வண்டியில் எரிபொருள் போதிய அளவு வந்து சேர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டீசலில் வந்து சேர்ந்தது எந்த வழியாக நழுவுகிறது என்பதையும் தேடியாக வேண்டும்.

பெட்ரோல் ரெயிலில் இருப்பது சுமார் 3 பார் அழுத்தம். பல கார்களில் இதை அளக்க சென்சாரே கிடையாது. புகைக்குழாயில் ஆக்சிஜன் மிஞ்சுவதைக் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பி0171 கோடை மட்டும் கம்ப்யூட்டர் காட்டும். அதனால் இங்கே கேஜ் மாட்டாமல் எதுவும் சொல்ல முடியாது. ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் ஐடிலிங்கின்போது ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றினால் முள் ஏறத்தாழ அரை பார் ஏற வேண்டும். அடுத்து ரிட்டர்ன் ஹோஸை ஒரு கணம் மட்டும் அழுத்திப் பிடிக்க வேண்டும். முள் விருட்டென்று ஏறினால் பம்பும் ஃபில்டரும் நலம், ரெகுலேட்டர்தான் கசிகிறது. அசையாமல் நின்றால் அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப், அல்லது மின்சாரம்.

இந்த மூன்றாவதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, பம்ப் கனெக்டரில் 11தான் வருகிறது என்றால், புதுப் பம்பும் அதே போலத்தான் ஓடும். ரிலே, வயர், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எப்போதும் ரிசர்விலேயே வண்டி ஓட்டுவது பம்புக்கு நல்லதல்ல. டேங்குக்குள் இருக்கும் அதன் மோட்டாரைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான்.

டீசலின் கதை அளவிலேயே வேறு. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் வந்தபோதே உச்ச அழுத்தம் 1,350 பார். இங்கே சென்சார் உண்டு. கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஸ்கேனரில் அருகருகே பார்க்கலாம். சென்சாரே தவறாகக் காட்டலாம் என்பதால், இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பிப் பார்ப்பது நல்லது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

பிறகு ஃபில்டரும், அதற்கு அப்பால் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றும். குமிழ் ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. அதுவும் சரியென்றால், பம்பைத் தொடுமுன் இன்ஜெக்டர்களின் ரிட்டர்னைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் முனையிலும் குழாய் மாட்டி, சிறு பாட்டிலில் விட்டு, ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். மூன்று பாட்டில்களில் அடியில் கொஞ்சம் இருக்க, நான்காவது பாதி நிறைந்துவிட்டால், தேய்ந்த இன்ஜெக்டர் அதுதான். பம்ப் உண்டாக்கும் அழுத்தம் அதன் வழியே டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்துப் புதுப் பம்ப் வாங்கினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

பாதுகாப்பிலும் இரண்டும் வேறு. பெட்ரோலில் பயம் தீ. பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, துணி சுற்றி லைனைக் கழற்றுவார்கள். பழைய டீசல் வண்டிகளில் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்க, ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவது வழக்கம். காமன் ரெயிலில் அந்தப் பழக்கம் ஆளையே கொல்லும். ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பரவும்; வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். இன்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.