கிராண்ட் ராபிட்ஸின் இருமல் தட்டுகள்

1932இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் கக்குவான் இருமல் பரவியது. மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன அந்த மிச்சிகன் ஊரைப் பொருளாதார மந்தம் வாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வகத்தில் பணியாற்றிய பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்கள் பகலில் பாலையும் தண்ணீரையும் சோதிப்பார்கள். வேலை முடிந்ததும் நோயுள்ள வீடுகளைத் தேடிக் கிளம்புவார்கள். இருவருமே சிறுவயதில் அந்த இருமலில் அவதிப்பட்டுப் பிழைத்தவர்கள்.

அவர்கள் கையில் ஒரு கண்ணாடித் தட்டு. உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், ரத்தம் கலந்து உறையவைத்த கூழ் அதில் இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோயுற்ற குழந்தையின் வாய்க்கு எதிரே சில அங்குலம் தள்ளி அதைப் பிடிப்பார்கள். குழந்தை விடாமல் இருமும். மூச்சு வாங்க முடியாமல் முகம் கறுக்கும். 'ஊப்' என்ற ஒலியோடு காற்றை இழுத்து, வாந்தி எடுத்து ஓயும். தட்டில் தெறித்த எச்சில் துளிகளைச் சில நாள் வெதுவெதுப்பில் வைத்தால், பாதரசத் துளிபோல் மின்னும் பொடிப் புள்ளிகள் முளைக்கும். பெல்ஜியத்தில் ஜூல் போர்டே, ஆக்டாவ் ஜாங்கு இருவரும் 1906இல் பிரித்தெடுத்த கிருமி அதுதான்: போர்டெட்டெல்லா பெர்டுசிஸ்.

சாதாரணச் சளிதானே என்று வீட்டார் விட்டுவிடும் முதல் வாரங்களில்தான் இந்த நோய் மும்முரமாகத் தொற்றும். கிருமி மூச்சுக்குழாயின் நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு நச்சைப் பரப்பும். அது உண்டாக்கிய சிதைவு ஆற நாளாகும் என்பதால், கிருமி ஒழிந்த பின்னும் இருமல் வாரக்கணக்கில் நீளும். பச்சிளங்குழந்தைக்கோ இருமக்கூட வலு இருக்காது, மூச்சே நின்றுபோகும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 6,000 பேர் இதற்குப் பலியானார்கள்.

தடுப்பூசி என்ற பெயரில் அதற்கு முன்பே பல மருந்துகள் விற்பனையில் இருந்தன. அவை யாருக்குப் பலித்தன, யாருக்குப் பலிக்கவில்லை என்று ஒழுங்காகக் கணக்கு வைத்தவர்கள் குறைவு. கெண்ட்ரிக், எல்டரிங் இருவரின் பெருமை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு தடுப்பூசி செய்து, 1934இல் கள ஆய்வைத் தொடங்கினார்கள். ஊசி போட்ட குழந்தைகள், போடாத குழந்தைகள் என இரு சாராரையும் செவிலியர் வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள். முதல் முடிவுகளில், போட்ட 712 பேரில் 4 பேருக்கு நோய். போடாத 880 பேரில் 45 பேருக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட் இதை நேரில் வந்து அலசிப் பார்த்தார். 1936இல் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஆய்வகத்துக்கு வந்துபோனார். அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தில் கூடுதல் ஆட்கள் கிடைத்தார்கள். 1940களில் சேர்ந்த கறுப்பினப் பெண் வேதியியலாளர் லோனி கோர்டன், ஏராளமான தட்டுகளைச் சலித்து, தடுப்பூசிக்கு ஏற்ற வீரியமுள்ள கிருமி வகையைக் கண்டெடுத்தார். அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இந்தக் கக்குவான் தடுப்பூசியும் சேர்ந்து முத்தடுப்பூசியானது. நோய் கண்ணிலிருந்து மறைந்ததும் ஊசியின் மீதுதான் சந்தேகம் திரும்பியது. ஜப்பானில் இரு குழந்தைகளின் மரணத்தை அடுத்து 1975இல் இந்த ஊசியை நிறுத்தி வைத்தார்கள். 1974இல் 393 பேருக்கே வந்திருந்த நோய், 1979இல் சுமார் 13,000 பேரைத் தாக்கி 41 உயிர்களைப் பறித்தது.

இந்தியாவில் முத்தடுப்பூசியை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் முதலில் அறிமுகமானது. முதல் தவணை ஆறாவது வாரத்தில். அதுவரையிலான வாரங்களே குழந்தைக்கு மிக ஆபத்தானவை. அந்த இடைவெளியை அடைக்க, பிரிட்டன் 2012 முதல் கர்ப்பிணிகளுக்கே ஊசி போடுகிறது. தாயின் எதிர்ப்புப் பொருட்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன.