சராசரி மறைப்பதைக் காட்டிய கோடு



"நாட்டின் சராசரி வருமானம் கூடிவிட்டது" என்று செய்தியில் சொல்கிறார்கள். யாருக்குக் கூடியது? சராசரி அதைச் சொல்லாது.

1905இல் மக்ஸ் லோரென்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசைப்படுத்துங்கள். அடியிலுள்ள 20 வீதத்தினருக்கு மொத்தத்தில் எவ்வளவு, 40 வீதத்தினருக்கு எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போய் வரைபடமாக்குங்கள். எல்லோருக்கும் சமமென்றால் நேர்கோடு வரும். ஏற்றத்தாழ்வு கூடக்கூடக் கோடு வளையும்.

அந்த வளைவை ஓர் எண்ணாக்கியவர் இத்தாலியரான கொராடோ ஜினி. 1912, 1914ஆம் ஆண்டு ஆய்வுகளில் அதைச் செய்தார். 0 என்றால் முழுச் சமம். 1 என்றால் எல்லாம் ஒருவர் கையில். பிற்காலத்தில் பாசிசத்துக்கு ஆதரவாக எழுதியவரும் இவர்தான் என்பது வரலாற்றின் வேடிக்கை.

இலங்கையில் 2019ஆம் ஆண்டு அரச கணக்கெடுப்பின்படி இந்த எண் 0.46. மேலேயுள்ள 20 வீத வீடுகளுக்கு மொத்த வருமானத்தில் 51.3 வீதம், அடியிலுள்ள 20 வீத வீடுகளுக்கு வெறும் 4.6 வீதம்.

ஆனால் அந்த 4.6க்குள் எந்த வீடு இருக்கிறது என்பதை ஜினியின் எண்ணும் சொல்லாது. அது ஊரிலுள்ள நமக்குத்தான் தெரியும். ஸகாத் பட்டியல் எழுதும்போது லோரென்ஸைப் போல அடியிலிருந்தே எண்ணத் தொடங்குவோம்.