லேபிளில் இருக்கும் 40 யாருடைய 40?

இரண்டாம் உலகப்போர், வியட்நாம் போர் காலத்து ராணுவ ஜாக்கெட்டுகளை அச்சு அசலாக இன்றும் தைத்து விற்கிறார்கள். ஜப்பானியர்கள் இதில் கில்லாடிகள். ஜிப், நூல், தோல் எல்லாம் பழைய மாதிரியே இருக்கும். வாங்குகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது சைஸில்தான். விலையும் கொஞ்சநஞ்சமல்ல, பொருந்தவில்லை என்றால் கடல் கடந்து திருப்பி அனுப்பும் செலவு வேறு.

குழப்பம் லேபிளிலேயே தொடங்குகிறது. அமெரிக்க ராணுவத்தின் எம்-65 ஜாக்கெட்டில் 'மீடியம் ரெகுலர்' என்றால் உயரம் 67 முதல் 71 அங்குலம், மார்பு 37 முதல் 41 அங்குலம். இது துணியின் அளவு இல்லை, போடுகிறவரின் உடம்பளவு. துணி அதைவிட நன்றாகவே பெரிசு. உள்ளே சட்டை, ஸ்வெட்டர், பட்டன் போட்டு மாட்டும் குளிர் லைனர் எல்லாவற்றுக்கும் இடம்விட்டு வெட்டியது. வெறும் டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டால் தொளதொளன்னுதான் இருக்கும்.

1931ல் வந்த ஏ-2 விமானி ஜாக்கெட் நேர் எதிர். உடம்போடு ஒட்டி, இடுப்போடு நிற்கும். அந்தக் காலத்து பேன்ட் தொப்புள்வரை ஏறி நிற்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. இப்போதைய ஜீன்ஸோடு போட்டால் நடுவே சட்டை தெரியும். உடனே 'குட்டையா இருக்கே' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறார்கள். நீளம் அரை அங்குலம் கூடுகிறதோ இல்லையோ, தோள் தொங்கிவிடும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

இன்னொரு வில்லங்கம்: ஏ-2வை ரஃப் வேர், ஏரோ லெதர், டுபோ என்று பல கம்பெனிகள் ஒப்பந்தத்தில் தைத்தன. ஒவ்வொன்றின் வெட்டும் வேறு. இன்றைய தயாரிப்பாளர்கள் அந்தந்த ஒப்பந்தத்தின் வெட்டையே நகலெடுப்பதால், ஒரே பிராண்டின் இரண்டு 40கள்கூட ஒன்றாக இருக்காது.

மார்பு சரியானால் மற்றதும் சரியாகும் என்பதும் இல்லை. 1950ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் அதில் 10 அளவுகளை எடுத்துப் பார்த்தார். பத்திலும் 'சராசரி' வரம்புக்குள் வந்தவர் ஒருவர்கூட இல்லை!

தீர்வு நம்ம ஊர் பெண்களுக்கு எப்போதோ தெரியும். டெய்லரிடம் உடம்பளவு கொடுக்காமல் 'அளவு ஜாக்கெட்' கொடுப்பார்களே, அதேதான் இங்கேயும். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு ஜாக்கெட்டை ஜிப் போட்டுத் தரையில் விரியுங்கள். அக்குளுக்கு அக்குள், தோள் தையலுக்குத் தோள் தையல், முதுகு நீளம், கை நீளம் நான்கையும் அளந்து, கடைக்காரர் தரும் துணி அளவோடு ஒப்பிடுங்கள். அக்குள் அளவை இரட்டித்து உங்கள் மார்பளவைக் கழித்தால் மிச்சம் தெரியும். ஏ-2வுக்கு 4 அங்குலம் போதும் என்பது என் கணக்கு. எம்-65க்கு இன்னும் தாராளம் வேண்டும். தோல் என்றால் கை அரை அங்குலம் நீளமாக இருந்தாலும் பயப்படாதீர்கள், போடப்போட முழங்கையில் மடிப்பு விழுந்து கொஞ்சம் மேலே ஏறிவிடும்.

அளவு கேட்டால் 'உங்க வழக்கமான சைஸையே எடுங்க' என்று பதில் சொல்லும் கடையில் நான் வாங்க மாட்டேன்.