நெருப்பு எவ்வளவு வேகமாக நடக்கும்?

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் மக்களே. கூட்டு வட்டி படித்தவனுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு.

1812 மே 25. இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் செத்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. 1815-இல் ஹம்ப்ரி டேவி, விளக்கின் தீயைச் சுற்றிக் கம்பி வலை போட்டார். வலை சூட்டை உறிஞ்சிவிடும், தீ வெளியே தாண்டாது. ஆனால் தீ ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடுகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. காற்றோடு சரியான அளவில் கலந்த மீத்தேனில், சலனம் இல்லாதபோது, தீ நொடிக்குச் சுமார் 40 செ.மீ. தான் முன்னேறும். நாம் நடப்பதைவிட மெதுவு! சுரங்கத்துக்குள் சூடான வாயு விரிந்து தள்ள, கொந்தளிப்பும் சேர, அதுவே ஆளைக் கொல்லும் வேகமாகிவிடுகிறது.

1883-இல் பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர்கள் மலார், லெ சாட்லியர் இருவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். (ப்ளஸ் டூ வேதியியலில் வருவாரே, அதே லெ சாட்லியர்தான்.) எரிந்த பகுதியின் சூடு அடுத்த வாயுவைப் 'பற்றும் வெப்பநிலை'க்குக் கொண்டுவரும், அது எரியும், பிறகு அதற்கடுத்தது. அழகான யோசனை. ஆனால் அந்த வெப்பநிலையை நாமே கையால் போட வேண்டும். விடையை வைத்துக்கொண்டு டேலி பண்ணுகிற மாதிரி!

அடுத்த அடி உயிரியலிலிருந்து வந்தது. 1937-இல் லண்டனில் ஃபிஷரும், மாஸ்கோவில் கோல்மோகோரவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும் தனித்தனியே ஒரே வகைச் சமன்பாட்டைப் பிடித்தார்கள். சாதகமான மரபணு ஒன்று மக்கள்தொகையில் எப்படிப் பரவும்? வடிவம் மாறாத அலையாக! பரவல் எண்ணையும் பெருக்க வீதத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்தால் அதன் குறைந்தபட்ச வேகம். அதைவிட வேகமான அலைகளுக்கும் சமன்பாடு இடம் கொடுக்கிறது. ஆனால் கூர்மையான எல்லையிலிருந்து தொடங்கினால் இந்தக் குறைந்த வேகத்துக்கே வந்துசேரும் என்று மாஸ்கோக்காரர்கள் நிறுவினார்கள்.

1938-இல் ஸெல்டோவிச்சும் ஃப்ராங்க்-காமெனெட்ஸ்கியும் தீக்கு வந்தார்கள். ஸெல்டோவிச் கல்லூரிப் பட்டமே வாங்காமல் நேராக ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனவர். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க :-)) சூடு ஏற ஏற வேதிவினை தலைதெறிக்க வேகமெடுப்பதால், எரிதல் ஏறக்குறைய முழுவதும் உச்ச வெப்பத்தை ஒட்டிய ஒரு மெல்லிய படலத்தில்தான் நடக்கிறது என்றார்கள். குளிர்ந்த பக்கம் வினை பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். கையால் எதையும் போட வேண்டாம். வேகம் ஒன்றே ஒன்றுதான் வருகிறது.

இப்போது கூட்டு வட்டி. மரபணு அலையில் முன்நுனியில் இருக்கும் சொற்பம் கூட்டு வட்டி போலப் பெருகி மொத்த அலையையும் இழுக்கிறது. தீயிலோ முன்னால் இருக்கும் குளிர் வாயு வட்டியே ஈட்டாத முதல். பின்னாலிருக்கும் சூடு தள்ளினால்தான் நகரும். டேவியின் வலை பிடுங்கியது அந்தச் சூட்டைத்தான். வலைக்கண் பெரிதாக இருந்தால் போதுமான சூடு போகாது, தீ தாண்டிவிடும்.