நுரையின் பூர்வீகம்

மணவாள நகரில், துவைக்கிற கல் பக்கத்தில் வாளியை வைத்து ஒரு பிடி சலவைத்தூளைக் கரைத்தால் நுரை பொங்கி வருகிறது. அந்த நுரைக்குப் பூர்வீகம் மண்ணெண்ணெய்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. அதே மணலியில், 1984இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் 'லேப்' தயாரிக்கிறது. லீனியர் அல்கைல் பென்சீன் என்பது முழுப்பெயர். மண்ணெண்ணெயில் 10 முதல் 13 கார்பன் வரை நேராகக் கோத்த சங்கிலிகளைப் பிரித்தெடுத்து, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கழற்றி, பென்சீனோடு இணைத்தால் லேப். இந்த இணைப்புக்கு உலகெங்கும் நெடுங்காலமாகப் பயன்படுவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பின் கால்சியத்தையே தின்னும். அதனால் அதைக் கையாளும் இடத்தில் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நேர்ச் சங்கிலிக்கு ஏன் இவ்வளவு பாடு? 1950களில் புழங்கிய சலவைச் சரக்கின் சங்கிலி கிளைவிட்டது. நுண்ணுயிர்களால் அதைக் கடித்து முடிக்க முடியவில்லை. ஐரோப்பிய ஆறுகளில் நுரை மலைபோல் நின்றது. மேற்கு ஜெர்மனி 1961இல் இதைத் தடுக்கச் சட்டம் போட்டது; 1965இல் அமெரிக்க ஆலைகளும் நேர்ச் சங்கிலிக்கு மாறின.

லேப் நிறமற்ற எண்ணெய், தண்ணீரோடு சேராது. கந்தக ட்ரையாக்சைடு ஏற்றினால் பழுப்பு நிறத்தில், பாகுபோல் கெட்டியாகிறது. சோப்புப் பட்டறைகளில் இதன் பெயர் ஆசிட் ஸ்லரி. இரும்பை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் டிரம்மில்தான் வரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. சோடா உப்போடு கலக்கும்போது கொதிப்பதுபோல் பொங்கிச் சூடேறும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். தரையில் சிந்தினால் மணலைக் கொட்டி அள்ள வேண்டும். பொங்கி அடங்கியபின் அதன் அமிலத்தன்மை போய், அழுக்கெடுக்கும் குணம் நிற்கிறது; சலவைத்தூளில் நுரைப்பது இதுதான்.

துவைத்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. காற்றோட்டமுள்ள நீரில் நுண்ணுயிர்கள் நேர்ச் சங்கிலியைச் சில நாட்களிலேயே தின்று தீர்க்கும். பிராணவாயு அற்ற சாக்கடையில் அது அப்படியே கிடக்கும். கரைந்து மறைய வேண்டுமென்றே செய்த பொருள் இது. மறைய விடுவதும் விடாததும், கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறோமா, அப்படியே ஆற்றில் தள்ளுகிறோமா என்பதில் இருக்கிறது.