பின்னால் இருப்பது

2017 ஜனவரி 28, விடிவதற்கு முன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. புறப்பட்டது பி.டபிள்யூ. மேப்பிள், எண்ணெய் ஏற்றி வந்தது டான் காஞ்சிபுரம். கசிந்த எண்ணெய் திருவொற்றியூர்க் கரையையெல்லாம் அப்பிக்கொண்டது. ஜனங்கள் அதை வாளியில் அள்ளினார்கள். இந்த யந்திர யுகத்தில் வாளி! அந்த மோதலுக்குக் காரணம் சொல்ல நான் வரவில்லை. இருட்டில் கப்பல் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒளிர்கிறதே ஒரு திரை, அதன் சரித்திரத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அவருக்கு இரண்டு சித்திரங்கள் வேண்டும். ஆழத்தையும் மணல்திட்டையும் காட்டும் கடல் வரைபடம் ஒன்று. அந்த நிமிஷம் சுற்றிலும் நகர்வதைக் காட்டும் ராடார் ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சௌகரியம். ஆனால் மேலது கீழதை மறைக்கக் கூடாது. காகிதத்தில் என்றால், டிரேசிங் தாளை மேலே விரித்தால் தீர்ந்தது. கம்ப்யூட்டருக்கோ அது பெரிய சங்கடமாயிற்று.

ஏன்? 1984-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த 'எக்ஸ்' என்ற ஜன்னல் முறையைப் பாருங்கள். ஒரு ஜன்னல்மேல் இன்னொன்று வந்து விழுந்தால், மறைந்த பகுதி பெரும்பாலும் அழிந்தே போகும். மேல் ஜன்னலை விலக்கினால், 'மறுபடி வரை' என்று அடி ஜன்னலின் புரோகிராமுக்குச் செய்தி போகும். பின்னால் ஒன்றுமே இல்லாதபோது எதை ஊடுருவிப் பார்ப்பது? சேமித்து வைக்கலாம்தான். 1024-க்கு 768 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால், ஒரு ஜன்னலுக்கே 31 லட்சம் பைட்டுக்கு மேல். அன்றைக்கு அது குபேர சம்பத்து.

சிலர் சாமர்த்தியம் பண்ணினார்கள். திரையின் அடியில் கிடக்கும் அலங்காரப் படத்தை நகலெடுத்துத் தங்கள் ஜன்னலுக்குள் ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் வேறொரு ஜன்னல் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்! கடல் வரைபடக்காரர்களின் தந்திரம் எவ்வளவோ நேர்மையானது. நாலு புள்ளிகளில் ஒன்றுக்கு மட்டும் வர்ணம் பூசி, மூன்றை அப்படியே விட்டார்கள். காசிமேட்டில் உலரும் வலைக்கு அப்பால் படகு தெரிகிற மாதிரிதான்.

அசல் வழிக்கான கணக்கும் அதே 1984-லேயே வந்துவிட்டது. லூகாஸ்ஃபிலிம் கம்பெனியின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும், சிவப்பு, பச்சை, நீலத்தோடு, 'எவ்வளவு மறைக்கிறது' என்ற நாலாவது எண்ணையும் ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக் கலக்கும் முறையை எழுதினார்கள். சினிமாக்காரர்கள் ஒரு படத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கலாம். மேஜைக்கு முன் உட்கார்ந்தவர் காத்திருப்பாரா? ஒவ்வொரு ஜன்னலையும் மறைவிடத்தில் முழுசாக வரைந்து வைத்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் கலக்க வேண்டும். மலிவான நினைவகம் வந்த பிறகே அது கைகூடிற்று: ஆப்பிளின் மாக் கம்ப்யூட்டரில் 2001-ல், எக்ஸில் 2004-ல்.

கடல்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1995-லேயே விதி செய்தது. வரைபடத்தின்மேல் ராடாரைப் போட்டால், இரண்டும் அளவிலும் திசையிலும் ஒத்திருக்க வேண்டும். வேண்டாதபோது, ஒரே விசையில் ராடாரை அகற்றவும் முடிய வேண்டும்.